மூணு எடுத்தா ஒண்ணு ஃப்ரீ... நொய்யல் எந்தக் கணக்குல?

போன ஞாயித்துக்கிழமை இங்க புனேயில ஒரு பெரிய துணிக்கடை. "ஏனுங்க, மூணு டி-ஷர்ட் எடுத்தா ஒண்ணு ஃப்ரீயாமுங்க"ன்னு தங்கமணிக்கு ஒரே குஷி. சட்டையில பச்சை இலை போட்ட அட்டை வேற தொங்குது. பூமியைக் காப்பாத்தறாங்களாம்!

நான் நொய்யல் கரைக்காரன். பருத்தித் துணியில சாயம் ஏற, மூட்டை மூட்டையா உப்பு கொட்டணும். அந்தத் தண்ணியை ஆத்துல விட்டாங்க. பாசனத்துக்குன்னு 1992-ல கட்டின ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டி ஆச்சு. அணையில தண்ணி தேக்காதீங்கன்னு விவசாயியே கெஞ்சின கதை வேற எங்கயாவது கேட்டிருக்கீங்களா?

2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே வராத ஏற்பாடு இருந்தாத்தான் திறக்கலாம்னு ஆச்சு. நியாயமான தீர்ப்பு. ஆனா சுத்திகரிப்புச் செலவு யார் தலையில? பட்டறைக்காரர் தலையில. விலையை அடிச்சுக் குறைச்ச கடைக்காரருக்கு? ஒண்ணுமில்லை.

பி.காம். படிச்சுட்டு பேங்க்ல குப்பை கொட்டறவன் நான். கடன் கேட்டு வர்ற சின்ன சப்ளையர்களோட வரவு பாக்கி லிஸ்ட்டைப் பார்ப்பேன். 90 நாள், 120 நாள்னு நிக்கும். எழுத்து ஒப்பந்தமே இருந்தாலும் 45 நாளுக்குள்ள காசு கொடுக்கணும்னு 2006-லயே சிறு தொழில் சட்டம் வந்தாச்சு. யார் மதிக்கறா? பணம் வராதவன் முதல்ல எதை நிறுத்துவான்? கரண்ட் தின்னற சுத்திகரிப்பு மெஷினை. அடுத்தது ஓவர்டைம் கூலி.

இதையெல்லாம் பெரிய கம்பெனிகள் வெளியில சொல்லணும்னு ஒரு விதி வர இருந்தது. 2025-ல செபி அதையும் 'விருப்பம் இருந்தா சொல்லுங்க'ன்னு தளர்த்திடுச்சு. விருப்பப்பட்டு எவன் சொல்லுவான் சாமி?

"விலை ஏறினா ஏழை என்ன பண்ணுவான்?"னு கேப்பீங்க. ஒண்ணு சும்மா கொடுக்க முடியுதில்ல? அந்தக் காசை சாயப்பட்டறைக்குக் கொடுக்கட்டும். விலையும் டெலிவரி தேதியும் யார் முடிவு பண்றாங்களோ, பொறுப்பும் அவங்களுதுதான்.

பச்சை இலை வேண்டாம். துணிக்கு எங்க சாயம் போட்டாங்க, எத்தனை நாள்ல காசு கொடுத்தாங்க... இந்த ரெண்டை மட்டும் அட்டையில அச்சடிக்கட்டும். நான் நாலுக்கும் காசு கொடுத்தே வாங்கிக்கறேன். என்ன சொல்றீங்க மக்களே?