அடுப்பெரிக்கும் கஞ்சித் தண்ணீர்

லயத்து வீடுகளின் பின்புறக் கால்வாயில் நாள்தோறும் ஓடுவது என்ன? கஞ்சித் தண்ணீர், ஊசிப்போன சோறு, காய்கறித் தோல். கொசுவுக்கும் எலிக்கும் இரையாகும் இப்பொருள்களைக் கொண்டே அடுப்பெரிக்கலாம் என்று நாம் சொன்னால் சிலர் நகைக்கக்கூடும். நகைப்பதற்கு இதில் ஒன்றுமில்லை.

மாட்டுச் சாணத்திலிருந்து எரிவாயு எடுப்பது இந்தியக் கிராமங்களில் பழகிப்போன காரியம். புனே நகரத்து அறிஞர் ஆனந்த் கார்வே, 2003-ஆம் ஆண்டில் சாணத்துக்குப் பதில் சமையற்கட்டுக் கழிவையே இட்டு வாயு எடுக்கும் சிறு தொட்டியை அமைத்துக் காட்டினார். 2006-இல் அவருடைய நிலையத்துக்கு இங்கிலாந்தின் ஆஷ்டன் பரிசு கிடைத்தது. அமைப்பு எளியது. 1,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டிக்குள் 750 லிட்டர் தொட்டியைக் கவிழ்த்து வைப்பது. வாயு சேரச் சேர மேல்தொட்டி உயரும். முதலில் சாணக் கரைசல் ஊற்றிச் சில வாரம் பொறுக்கவேண்டும். பிறகு அரைத்த கழிவைத் தண்ணீரில் கரைத்து நாள்தோறும் சிறிது சிறிதாக இடவேண்டும். நம் நாட்டு வெப்பம் இதற்கு மிகவும் ஏற்றது.

கணக்கை ஒளிக்காமல் சொல்லுவது நம் கடமை. இரண்டு கிலோ கழிவு ஏறக்குறைய 100 முதல் 200 லிட்டர் வாயு தரும். சிறிய அடுப்பு மணிக்கு 200 லிட்டருக்கு மேல் குடிக்கும். ஆகவே காலைத் தேநீருக்கும் பிள்ளையின் பாலுக்கும் ஆகும். மூன்று வேளைச் சமையலுக்கு ஆகாது. எரிவாயுக் கலனே இனி வேண்டாம் என்று சொல்லித் தொட்டி விற்க வருவோரை நம்பவேண்டாம். நாலைந்து வீட்டார் கூடி ஒரு தொட்டி வைப்பதே மேல். திருவிழா அன்னதானத்தில் மிஞ்சிய சோற்றையெல்லாம் ஒரே நாளில் கொட்டினால் தொட்டி புளித்து வாயு நின்றுவிடும் என்பதையும் தாய்மார்கள் நினைவில் கொள்க.

ஆபத்தும் உண்டு. முதலில் வரும் வாயு காற்றோடு கலந்தது. அதைத் திறந்த வெளியில் விட்டுவிடவேண்டும். குழாய் வாயில் தீக்குச்சி கிழித்துப் பார்ப்பது பேதைமை. களைக்கொல்லி இருந்த டிரம்மும், பால் உறையவைக்கும் திராவகம் இருந்த டிரம்மும் இதற்கு உதவா. வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிர்களை அவை கொன்றுவிடும். கழுவும் ஆளுக்கும் கேடு.

தொட்டியை எங்கே வைப்பது? அங்கேதான் சிக்கல். வீடு நம்முடையதன்று, மண்ணும் நம்முடையதன்று. ‘அசுத்தம்’ என்று ஒரு சொல் வந்தால் தொட்டி மறுநாளே குப்பைமேட்டுக்குப் போகும். இதே நாட்டில், 2014 முதல் புதிய செம்பனை ஆலைகள் தங்கள் கழிவுநீரிலிருந்து எழும் வாயுவைப் பிடித்தாகவேண்டும் என்று விதி வந்தது. அவ்வாயுவில் மின்சாரம் எடுக்கும் ஆலைகளும் உள்ளன. ஆலையில் செல்வமாவது லயத்தில் மட்டும் அசுத்தமாகுமா?

ஒவ்வொரு லயத்தின் பின்புறமும், வீட்டுச் சன்னலுக்குத் தள்ளி, வெயில் படும் பத்தடிச் சதுர நிலம் போதும். தொட்டியிலிருந்து வழியும் கரைசல் அருகிலுள்ள கீரைக்கும் வாழைக்கும் உரமாகும். கிளைச் செயலாளர்கள் இதை எழுத்து மூலம் நிர்வாகத்திடம் கேட்கவேண்டும். கிராணிமார்கள் மனுவை எழுதித் தந்து உதவவேண்டும். வாய்ச் சொல்லாகப் பெற்ற அனுமதி, துரை மாறினால் மாறிவிடும்.