மிதவை கூறும் எச்சரிக்கை

கன்னியாகுமரி ஜில்லா லெமூர் கடற்கரையில் 2024-ம் வருஷம் மே மாதம் 6-ந் தேதி வைத்திய மாணவர் ஐவரை அலை வாரிச் சென்றதைத் தமிழ் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்று அக்கரையில் புயல் வீசவில்லை. கேரள மீனவர்கள் 'கள்ளக்கடல்' என்றழைக்கும் கொந்தளிப்பைப் பற்றிய எச்சரிக்கையோ முன்னமே வெளியாகியிருந்தது. அப்படியிருந்தும் இத்தகைய பிராண நஷ்டம் நேருவானேன்? எச்சரிக்கையை விடுப்பது வேறு. அதன் பொருளை ஜனங்கள் உணரும்படி செய்வது வேறு.

கடலில் நிறுத்தப்பட்டுள்ள மிதவைகள் அலையின் உயரம், இரண்டு முகடுகளுக்கிடையே செல்லும் நேரம், அலை வரும் திசை ஆகிய மூன்றையும் அளந்து தெரிவிக்கின்றன. சாதாரண ஜனங்கள் உயரத்தை மட்டுமே கவனிக்கிறார்கள். அவ்வுயரமும் மிக உயர்ந்த மூன்றிலொரு பங்கு அலைகளின் சராசரியேயாகும். தனி அலையொன்று அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு எழக்கூடும்.

இடைவேளையே முக்கியமானது. ஆழ்கடலில் ஒரு மீட்டர் உயரமுள்ள இரண்டு அலைகளை எடுத்துக்கொள்வோம். 8 விநாடி இடைவேளையுள்ள அலையின் நீளம் சுமார் 100 மீட்டர்; 18 விநாடி அலையின் நீளமோ சுமார் 500 மீட்டர். உயரம் ஒன்றேயாயினும் பின்னது கரைக்குக் கொண்டுவரும் சக்தி இரு மடங்குக்கு மேற்பட்டது. ஆழம் குறையக் குறைய அது ஓங்கி, மணல்மீது வெகுதூரம் ஏறிப் பாய்கிறது. பேரலைகள் கூட்டமாக வந்துபோனபின் கடல் சற்று நேரம் அடங்கியிருப்பதால், பார்ப்போர் ஏமாந்து நீரில் இறங்குகின்றனர்.

இவ்வலைகள் இந்து மகாசமுத்திரத்தின் தென்கோடிப் புயல்களில் பிறப்பவை. 18 விநாடி அலைக்கூட்டம் மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்தாலும், நம் கரையை அடையச் சில தினங்கள் ஆகும். ஹைதராபாத்திலுள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் அதற்குள் முன்னறிவிப்பு விடுக்க முடிகிறது. ஆகவே அவகாசமில்லை என்று எவரும் சாக்குக் கூறுவதற்கில்லை.

சர்க்கார் செய்ய வேண்டியது பெரும் பொருட்செலவுள்ள காரியமன்று. அபாயமுள்ள ஒவ்வொரு கடற்கரையிலும் அன்றன்றைய அலை உயரத்தோடு இடைவேளையையும் பலகையில் எழுதி வைக்க வேண்டும். இடைவேளை நீண்டுள்ள நாட்களில், "கடல் அமைதியாகத் தோன்றினும் இறங்காதீர்" என்று தெளிந்த தமிழில் அறிவித்து, காவலும் வைக்க வேண்டும். கரையோரப் பள்ளிகளில் இப்பாடத்தைப் போதிப்பதும் அவசியம்.

மிதவை தன் கடமையைத் தவறாது செய்கிறது. அதன் சொல் கரையில் நிற்பவன் காதில் விழச் செய்வது நம் பொறுப்பு.