சுவருக்குள் மறைகிற விசயம்

போன கிழமை அஜ்மானில் இருந்து சித்தியின் மகன் போன் எடுத்தான். அல் ஜுர்ஃப் பக்கம் வில்லாக்களுக்கு வயரிங் செய்கிற கம்பெனி ஒன்றில் பதினொரு வருசமாக வேலை. அகதியாக ஐரோப்பா வருவதற்கு முன் நானும் அதே ஊரில் இரண்டு வருசம் கொண்டியூட் பைப் வெட்டினவன்தான். இப்போது கோப்பாயில் சித்திக்கு வீடு கட்டுகிறான்.

"அண்ணை, எல்லாம் ஸ்மார்ட்டாப் போடப் போறன். இஞ்ச இருந்தே லைற்றைப் போட்டு நூக்கலாம்."

"சரி, இரவு இன்ரநெற் இல்லாட்டி சித்தி எப்பிடி லைற் போடுறது?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

ஸ்மார்ட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் காசைப் பெட்டியில் வருகிற சாமானில் கொட்டாமல், சுவருக்குள் மறைகிறதில் போட வேண்டும் என்பதுதான் என் கட்சி. 2022 ஏப்ரலில் இன்ஸ்ரியோன் என்ற அமெரிக்கக் கம்பெனி சொல்லாமல் கொள்ளாமல் சேர்வரை நிறுத்தியது. போனில் லைற் போட்டவர்கள் எழும்பிப் போய்ச் சுவரில் தட்ட வேண்டி வந்தது. சுவரில் சுவிச் இருந்தபடியால் தப்பினார்கள்.

முதலாவது, ஒவ்வொரு சுவிச் பெட்டிக்கும் நியூட்ரல் வயர் இழுக்க வேண்டும். சாதாரண சுவிச்சுக்கு அது தேவையில்லை. எந்த நேரமும் விழித்திருக்கிற ஸ்மார்ட் சுவிச் பலதுக்குத் தேவை. இப்போது சில மீற்றர் வயர்தான் செலவு. பூச்சுப் பூசின பிறகு என்றால் சுவரை உடைக்க வேண்டும். பெட்டியும் 47 மில்லிமீற்றர் ஆழமாக இருந்தால் நல்லது.

இரண்டாவது, வெறும் பைப்புகள். உள்ளே ஒரு நூலை மட்டும் விட்டு வைத்தால் நாளைக்கு எந்த வயரையும் இழுக்கலாம். கொங்கிறீற் வைஃபையைத் தின்றுவிடும். அதனால் ஹோல் கூரைக்கு ஒரு கேபிள் இப்போதே போகட்டும்.

மூன்றாவது, பிளக்கின் உயரம். 2024 ஏப்ரல் 16இல் அமீரகத்தில் பெய்தது 1949இல் பதிவு தொடங்கிய பிறகு கண்டிராத மழை. நிலத்தோடு ஒட்டின பிளக்குக்குத்தான் முதலில் தண்ணீர் வரும். இடுப்பளவில் வைத்தால் சித்திக்கும் குனிகிற வேலையில்லை.

நான்காவது, லைற், ஃபான், றவுட்டர் மூன்றுக்கும் தனிச் சேர்க்கிற். பிறகு பற்றரி பூட்டலாம். 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் 13 மணித்தியாலம் மின்வெட்டு. சித்திக்கு அது பெரிய விசயமில்லை. 1990இல் யாழ்ப்பாணத்தில் கரண்ட் போய் வருசக்கணக்காக வராமல் இருந்ததைக் கண்டவ. ஜாம் போத்தல் விளக்கில் எங்களைப் படிப்பித்தவ. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் றேடியோ கேட்டோம். அப்படிப்பட்டவவைப் புது வீட்டுக்குள் ஒரு போனுக்காக இருட்டில் காத்திருக்க வைக்கலாமோ?

ஹோலுக்குள் கமராவும் பூட்டப் போறானாம். "சித்தியைக் கேட்டனியோ?" என்றேன். கேட்கவில்லை. தூரத்தில் இருக்கிற பிள்ளையின் பயம் எனக்கும் விளங்கும். ஆனாலும் கேற்றடியோடு நிற்பாட்டச் சொன்னேன். வீடு அவவுக்குத்தான், நாங்கள் பார்க்கிறதுக்கு இல்லை.

கடைசியாக, பூச்சுக்கு முதல் எல்லாச் சுவரையும் படம் எடுக்கச் சொன்னேன்.

"அது இஞ்ச எல்லா வில்லாவுக்கும் செய்யிறதுதானே அண்ணை" என்றான்.

"அப்ப உன்ரை வீட்டுக்கும் செய்" என்றேன்.