இன்டர்ன்ஷிப்னு ஒரு இலவச ஆணி

பி.ஆர். கம்பெனியில இன்டர்ன்ஷிப் பண்ற பசங்களுக்குச் சம்பளம் கொடுக்கணுமா, வேண்டாமா? கொடுக்கணும். ஏன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க மக்களே.

"நீ பொட்டி தட்டுறவன், உனக்கென்ன இதுல அக்கறை"ன்னு கேப்பீங்க. என் சித்தி பொண்ணு விஸ்காம் முடிச்சுட்டு, சென்னையில ஒரு பி.ஆர். கம்பெனியில மூணு மாசம் இன்டர்னா இருந்தா. கம்பெனி பேர் வேண்டாம். சம்பளம் பூஜ்யம். கடைசி நாள் ஒரு சர்டிபிகேட் கொடுத்தாங்க. எங்க வீட்டுல தங்கித்தான் போயிட்டு வந்தாங்கறதால அவ செஞ்ச வேலை எனக்கு நல்லாவே தெரியும்.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. காசு கொடுத்துப் பேப்பர்ல இடம் வாங்கினா அது விளம்பரம். காசு கொடுக்காம அதையே செய்தியா வர வைக்கிறது பி.ஆர். அப்படி வர வைக்கிறதுக்கு கிளையண்ட் மாசாமாசம் பி.ஆர். கம்பெனிக்கு ஒரு தொகை கொடுப்பார். அதுக்குப் பேர் ரீடெய்னர்.

இப்ப இன்டர்னோட ஒரு நாளைப் பாருங்க. காலங்காத்தால எல்லா பேப்பரையும் புரட்டி, கிளையண்ட் பேரும் அவரோட போட்டிக் கம்பெனி பேரும் எங்கெங்க வந்திருக்குன்னு தேடணும். வெட்டி, ஸ்கேன் பண்ணி, கிளையண்ட் ஆபீசுக்கு வர்றதுக்குள்ள மெயில் போயிருக்கணும். அப்புறம் பத்திரிகைக்காரங்க லிஸ்ட்டை எக்செல்ல சரி பண்ணணும். யார் எந்தப் பத்திரிகைக்கு மாறினாங்க, யார் நம்பர் மாறிடுச்சுன்னு. அப்புறம் போன். "சார், பிரஸ் ரிலீஸ் அனுப்பியிருந்தோம், வந்துதுங்களா?" எதிர்ல இருக்கறவர் டெட்லைன்ல எரிஞ்சு விழுவார். வாங்கிக் கட்டிக்கிட்டு அடுத்த நம்பர். பிரஸ் மீட்னா வாசல்ல நின்னு ரெஜிஸ்டர்ல கையெழுத்து வாங்கணும்.

மாசக் கடைசியில வர்றதுதான் உச்சம். கவரேஜ் ரிப்போர்ட். வந்த செய்தி ஒவ்வொண்ணையும் ஸ்கேல் வச்சு அளக்கணும். சும்மா ஒரு கணக்குக்கு 12 செ.மீ. அகலம், 8 செ.மீ. உயரம்னு வைங்க. 96 சதுர செ.மீ. அந்தப் பேப்பர்ல விளம்பர ரேட் சதுர செ.மீ.க்கு 1000 ரூபாய்னா, 96,000 ரூபாய். "விளம்பரத்தை விட செய்தியை ஜனங்க அதிகம் நம்புவாங்க"ன்னு சொல்லி சில இடங்கள்ல அதை மூணால பெருக்குவாங்க. 2,88,000! ஒத்தப் பைசா கைமாறல, ஆனா "உங்களுக்கு இவ்வளவு மதிப்பு வாங்கித் தந்தோம்"னு கிளையண்டுக்குக் காட்டியாச்சு.

இந்தக் கணக்குக்கு ஏ.வி.இ.ன்னு பேர். இதுல கூத்து என்னன்னா, 2010ல பார்சிலோனாவுல இந்தத் துறையோட அளவீட்டு ஆளுங்களே கூடி, ஏ.வி.இ. பி.ஆர். வேலையோட மதிப்பைக் காட்டாதுன்னு கொள்கையா எழுதி வச்சாங்க. 2015லயும் 2020லயும் திருத்தி எழுதினப்பவும் அதை விடல. துறையே கைகழுவின கணக்கை ஒரு பொண்ணு ஸ்கேல் வச்சு அளந்துட்டு இருந்தா. இதுக்குப் பேர் கல்வியாம்.

என் பாயிண்ட் ரொம்ப சிம்பிள். கிளிப்பிங் கிளையண்டுக்குப் போகுது. ரிப்போர்ட் கிளையண்டுக்குப் போகுது. அதைக் காட்டித்தான் ரீடெய்னர் பில் போகுது. கிளையண்ட் காசு கொடுத்து வாங்குற வேலையைச் செய்யறவ தொழிலாளிதான். பயிற்சின்னு பேர் வச்சதால அது மாறிடாது.

"கத்துக்கறாங்கல்ல, அதுக்கு ஏன் காசு?"ன்னு ஒரு கேள்வி எப்பவும் வரும். நாம மட்டும் என்னவாம்? வேலைக்குச் சேர்ந்த முதல் மூணு மாசம் டிரெய்னிங் ரூம்ல ஏசியில உக்காந்திருந்தேன். நான் எழுதின ஒரு வரி கோடு கூட எந்த கிளையண்டுக்கும் போகல. முழுச் சம்பளம் வந்துச்சு. ஐடியில ஒண்ணும் செய்யாம கத்துக்கறவனுக்குக் காசு உண்டு, அங்க வேலை செஞ்சுக்கிட்டே கத்துக்கறவளுக்குக் கிடையாதுன்னா இது என்ன நியாயம்?

சட்டம் என்ன சொல்லுதுன்னு தேடிப் பார்த்தேன். 1961ல வந்த அப்ரண்டிஸ் சட்டப்படி அப்ரண்டிஸா எடுத்தா ஸ்டைபண்ட் கொடுத்தே ஆகணும். 2014 திருத்தத்துல இன்ஜினியரிங் படிக்காத பட்டதாரிகளையும் சேர்த்தாங்க. ஆனா அப்ரண்டிஸ்னு ஒப்பந்தம் போட்டாத்தான் அது. இன்டர்ன்னு ஒரு லெட்டர் கொடுத்துட்டா தப்பிச்சாச்சு. 2024ல மத்திய அரசு கொண்டு வந்த பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்துல கூட மாசம் 5000 ரூபாய்னு அறிவிச்சாங்க. ஆக, இன்டர்னுக்கும் சாப்பாட்டுச் செலவு உண்டுங்கறது அரசாங்கத்துக்கே புரிஞ்சிருக்கு.

அமெரிக்காவுல 'பிளாக் ஸ்வான்' படத்துல சம்பளமில்லாம வேலை பார்த்த இன்டர்ன்கள் 2011ல கேஸ் போட்டாங்க. 2013ல கீழ்க்கோர்ட் அவங்க பக்கம் நின்னுது. 2015ல மேல்கோர்ட் அந்தத் தீர்ப்பை ரத்து பண்ணிட்டு வேற ஒரு கேள்வியை வச்சுது: இந்த ஏற்பாட்டுல முக்கியமாப் பலன் யாருக்கு, இன்டர்னுக்கா கம்பெனிக்கா? முதலாளிகளுக்குச் சாதகமான கேள்வின்னு அங்க பலர் திட்டினாங்க. ஆனா என் தங்கச்சியோட மூணு மாசத்தை அந்தத் தராசுல வச்சாலும் முள்ளு கம்பெனி பக்கம்தான் சாயும்.

காசை விடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. அவளுக்கு எங்க வீடு இருந்துச்சு. அவ கூட விஸ்காம் படிச்ச இன்னொரு பொண்ணு, தஞ்சாவூர் பக்கம், இவளை விட நல்லா எழுதுவா. சென்னையில ஹாஸ்டல் வாடகை, மெஸ், பஸ் எல்லாம் மூணு மாசம் கைக்காசு போட வழியில்லாததால விண்ணப்பமே போடல. அப்ப உள்ள வர்றது யாரு? சென்னையில சொந்த வீடு இருக்கிற, இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச பசங்க. நாளைக்கு அங்க மேனேஜரா உக்காரப் போறதும் அவங்கதான்.

அதோட பலனை நீங்களும் பார்த்திருப்பீங்க. தமிழ்ப் பத்திரிகைக்குப் போற பிரஸ் ரிலீஸை, பத்தாங்கிளாஸோட தமிழை விட்ட ஒரு இன்டர்ன் தலைல கட்டுவாங்க. அவரும் புது ஷாம்பூவைச் சந்தையில 'ஏவி'டுவார், ராக்கெட் மாதிரி. ;-) அந்தத் தஞ்சாவூர்ப் பொண்ணு உள்ள வந்திருந்தா ஷாம்பூ ஒழுங்கா அறிமுகமாயிருக்கும்.

"சின்ன கம்பெனி, கட்டுபடியாகாது"ன்னு சொல்றவங்களுக்கு: அஞ்சு பேரை ஓசியில வைக்கறதுக்குப் பதிலா ரெண்டு பேரை வைங்க. ஹாஸ்டலுக்கும் பஸ்ஸுக்கும் ஆகுற அளவாவது கொடுங்க. காசு கொடுத்தா, அந்த ஆளை ஸ்கேல் பிடிக்க மட்டும் விட உங்களுக்கே மனசு வராது. உருப்படியா ஏதாவது கத்துக் கொடுப்பீங்க.

நம்மள்ல சில பேர் இப்ப டீம் லீட், சில பேர் சொந்தக் கம்பெனி. உங்க ஆபீசுக்கும் ஒரு பி.ஆர். கம்பெனி இருக்கும். அடுத்த தடவை கவரேஜ் ரிப்போர்ட் வந்தா, "இதை அளந்தது யாருங்க, அவங்களுக்கு எவ்வளவு கொடுக்கறீங்க?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. கிளையண்ட் கேட்டா அவங்க பதில் சொல்லித்தான் ஆகணும்.

பி.ஆர். துறையில இருக்கற பதிவர்கள் யாராவது இருந்தா பின்னூட்டத்துல வந்து திட்டலாம். எங்க ஆபீஸ்ல கொடுக்கறோம்னு சொன்னா இன்னும் சந்தோஷம்.