இரும்பு விலைக்குப் போன கார்கள்

யாழ்ப்பாணத்தில் ஒருவர் வீட்டுக் கொட்டிலில் நிற்கும்வரை அது கறள் பிடித்த இரும்பு. கொழும்புக்குப் போய், நிறம் பூசப்பட்டு விளம்பரத்தில் ஏறிவிட்டாலோ அது கிடைத்தற்கரிய பொக்கிஷம். இந்த இரசவாதத்தைக் கேள்வி கேட்டால், "விலையைத் தீர்மானிப்பது சந்தை" என்று நண்பர்கள் எனக்குப் பொருளியல் பாடம் எடுக்கிறார்கள். அவர்களுக்கு என் பதில் இதுதான்.

மொறிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமானது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த அந்தக் கார் 16 இலட்சத்துக்கும் மேல் உற்பத்தியானது. அதுவும் ஒஸ்ரின் ஏ-40, கேம்பிரிட்ஜ் முதலியவையும் இலங்கையின் வாடகைக் கார்களாக உழைத்தன. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்ததும் யப்பானியக் கார்கள் தெற்கில் அவற்றை ஓரங்கட்டின. வடக்கிலோ போர் அவற்றுக்கு ஓய்வு கொடுக்கவில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, உதிரிப்பாகம் இல்லை. கார்புரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அழுத்த விகிதம் குறைந்த, எளிமையான அந்தப் பழைய எஞ்சின்கள் அதைத் தாங்கின. எங்கள் நோயாளிகளும் மணமக்களும் அந்தப் புகையோடுதான் பயணம் செய்தார்கள். உடைந்த பாகத்துக்கு மாற்றுப் பாகத்தைக் கடைசல் பட்டறையில் உருவாக்கிய மெக்கானிக்குகளுக்கு எந்த நூலும் வழிகாட்டவில்லை.

2009இல் போர் முடிந்து ஏ-9 வீதி மீண்டும் திறந்த பின்னர் வியாபாரிகள் வந்தார்கள். காலஞ்சென்ற சித்தப்பாவின் நான்கு கதவு மொறிஸ் மைனரைப் பார்க்க வந்தவர் எஞ்சின் மூடியைத் திறந்தார், உதட்டைப் பிதுக்கினார். "ஒன்றும் ஒறிஜினல் இல்லை, அம்மா. இரும்பு விலைதான் தரலாம்." கனடாவிலிருந்து மகன் தொலைபேசியில், "குடுத்துவிடுங்கோ அம்மா, இடமாவது மிஞ்சும்" என்றான். சித்தி கொடுத்துவிட்டார். பக்கத்தில் நானும் நின்றேன். கேள்வி கேட்பதையே தொழிலாகக் கொண்டவன், அன்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

ஓராண்டு கழித்து விளம்பரம் ஒன்றில் அதே இலக்கத்தகட்டைக் கண்டேன். விலை, சித்தி பெற்றதைப் போல எட்டு மடங்கு. காருக்கு இரண்டே கதவுகள்! சித்தப்பாவின் கார் துண்டு துண்டாகப் பிரிந்து போய்விட்டது. அதன் பதிவுப் புத்தகமும் தகடும் மட்டும் வேறொரு உடலில் குடியேறியிருந்தன. இதற்குப் பெயர் சந்தையா?

உதிரிப்பாக வியாபாரத்தை நான் பழிக்கவில்லை. ஓட முடியாத ஒரு கார் பிரிந்து மூன்று கார்களை வாழவைப்பது நியாயமே. அந்தத் தொழிலுக்கு இந்த நாட்டிலேயே மதிப்பான முன்னுதாரணம் உண்டு. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர், இலங்கைப் பங்காளியுடன் சேர்ந்து 1990களில் காலிப் பகுதியில் அந்தக் காரின் உடற்பாகங்களைச் செய்வித்தார். அவை இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாகின. காலியில் தகட்டை வளைத்த கைக்குக் கிடைத்தது வெளிநாட்டுச் சந்தை. அதே காலத்தில் யாழ்ப்பாணத்தில் கடைசல் பிடித்த கைக்குக் கிடைத்தது, 'ஒறிஜினல் இல்லை' என்ற ஒற்றை வரித் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பும் வாங்கும்போது மட்டுமே சொல்லப்படுவது, விற்கும்போது அல்ல.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது நாட்டிலுள்ள பழைய வாகனங்களின் விலை ஏறியது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதிக்கு மீண்டும் வழி திறந்தது. சந்தை இப்படி மாறிக்கொண்டேயிருக்கும். ஆனால் சந்தை என்பது இரு பக்கமும் விலை தெரிந்தவர்கள் கூடும் இடம். ஒரு பக்கம் விளம்பர விலைகளை விரல்நுனியில் வைத்திருக்கும் தரகர், மறுபக்கம் கொட்டிலைத் துப்புரவாக்க விரும்பும் விதவை என்றால், அங்கே நடப்பது விற்பனையல்ல, ஏமாற்று.

ஆகவே விற்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. விலையை விசாரித்து விற்றுவிடுங்கள். அடிச்சட்ட இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் படம் பிடித்து வையுங்கள். பதிவுப் புத்தகத்தைக் காரோடு மட்டும், உரிமை மாற்றப் படிவத்தை நிரப்பிய பின்னரே கொடுங்கள். எந்தப் பாகத்தை யார், எந்த ஆண்டில், எதைக்கொண்டு செய்தார் என்பதை ஒரு தாளில் எழுதிச் சேருங்கள். வியாபாரிகள் அதைக் குறை என்பார்கள். அந்தக் குறைதான் அந்தக் காரின் வரலாறு.

வெளிநாட்டிலிருந்து "குடுத்துவிடுங்கோ" என்று சொல்லும் பிள்ளைகளே, அந்தக் கொட்டிலில் நிற்பது உங்களை ஒருநாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன காராகவும் இருக்கலாம். அடுத்த முறை சொல்வதற்கு முன் அம்மாவிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "எவ்வளவுக்குக் கேக்கிறாங்கள்?" நான் கேட்கத் தவறிய கேள்வி அது.