முதலில் எதைச் சொல்வது?

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

 

ஆவுடையார்கோவில் வட்டத்தின் மீமிசல், கோபாலப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் நாம் பிற சமயத்தாரோடு தலைமுறை தலைமுறையாக அண்டை வீட்டாராக வாழ்ந்து வருகிறோம். அவர்களில் ஒருவர், "உங்கள் மார்க்கம் என்ன சொல்கிறது?" என்று கேட்டால் நாம் எதில் தொடங்குகிறோம்? மூன்று மிடறாகத் தண்ணீர் அருந்துவது, மிஸ்வாக் குச்சியின் சிறப்பு, தராவீஹ் எட்டா இருபதா என்னும் சர்ச்சை ஆகியவற்றை அடுக்கிவிடுகிறோம். அவரோ தம்மைப் படைத்தவனைப் பற்றி அறிய வந்தவர்.

முஆத் பின் ஜபல் (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பியபோது, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு வரிசையைக் கற்றுத் தந்தார்கள். வேதம் வழங்கப்பட்ட மக்களிடம் செல்கிறீர் என்று முதலில் உணர்த்தினார்கள். ஏகத்துவத்தின்பால் அழைக்க வேண்டும். அதை ஏற்றுக்கொண்டால் ஐவேளைத் தொழுகை. அதையும் ஏற்றுக்கொண்டால் ஸகாத். இதுவே அவ்வரிசை (புகாரி, முஸ்லிம்). கேட்பவர் யார் என்று அறிவதும், ஒரு படியில் அவர் காலூன்றிய பின்னரே அடுத்த படியைக் காட்டுவதும் இதில் அடங்கியுள்ளன.

நம் ஊரின் பெருங்கோயிலில் கருவறையில் ஆவுடையார் மட்டுமே உண்டு. இலிங்கத் திருமேனி இல்லை. உருவமற்ற இறை என்னும் சொல் இவ்வூர் மக்களின் செவிக்குப் புதிதன்று. அவர்களிடம் ஏகத்துவத்தைக் கண்ணியத்தோடு பேசத் தொடங்க நமக்கு என்ன தடை?

மதுவை விடுங்கள் என்பதே முதலில் அருளப்பட்டிருந்தால் மக்கள் மறுத்திருப்பார்கள். சொர்க்கம், நரகம் பற்றிய வசனங்களே முதலில் இறங்கின என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் விளக்கினார்கள் (புகாரி). தடுக்கப்பட்டதற்கே இத்துணைப் பொறுமை காட்டப்பட்டதெனில், உபரியானவற்றில் நாம் ஏன் அவசரப்பட வேண்டும்?

இதனால் சுன்னத்தும் நஃபிலும் அற்பமானவை என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். கடமைகளைக் காட்டிலும் அல்லாஹ்வுக்கு விருப்பமான வேறொன்றைக் கொண்டு அடியான் அவனை நெருங்குவதில்லை. அதன் பின் உபரி வணக்கங்களால் நெருங்கி நெருங்கி அவனுடைய நேசத்தைப் பெறுகிறான் என்று ஹதீஸ் குத்ஸி கூறுகிறது (புகாரி). கடமை அடித்தளம், உபரி அதன் மேல் எழும் மாடி. அடித்தளம் இடாமல் மாடி கட்ட இயலாது. மாடியே வேண்டாம் என்பதும் நமக்கு நட்டமே.

யமனுக்கான அறிவுரை ஸகாத்தோடு முடியவில்லை. மக்களின் பொருளில் உயர்ந்தவற்றைப் பறிக்காதீர், அநீதி இழைக்கப்பட்டவரின் பிரார்த்தனைக்கு அஞ்சுவீராக என்றும் நபியவர்கள் எச்சரித்தார்கள். இங்கேதான் நாம் தலைகுனிய வேண்டியிருக்கிறது. தொழுகை இருப்பில் விரலை அசைப்பதா கூடாதா என்று மணிக்கணக்கில் வாதிடுகிறோம். மணமகன் கொடுக்க வேண்டிய மஹரைப் பெயரளவாக்கி, பெண் வீட்டாரிடம் நகையும் ரொக்கமும் கேட்கிறோம். மகளின் வாரிசுரிமையைச் சீர்வரிசையோடு முடித்துவிடுகிறோம். அண்டை வீட்டார் இவை அனைத்தையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். நம் நாவு உபரியைப் பேச, நம் கை கடமையை மீறினால் எந்த மார்க்கத்தை அவர்கள் அறிந்துகொள்வார்கள்?

1981 பிப்ரவரியில், அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் மீனாட்சிபுரத்தில் தலித் மக்கள் பெருந்திரளாக இஸ்லாத்தைத் தழுவினர். தீண்டாமையால் துன்புற்ற அவர்கள் நாடி வந்தது சமத்துவத்தை. மனிதனை மனிதனாக மதிக்கும் சகோதரத்துவத்தை. அதை இன்று தேடி வருபவருக்கும் நம் வீட்டுப் பாயில் இடம் இருக்க வேண்டும்.

ஆகவே, பெற்றோரே! உங்கள் பிள்ளைகளுக்கும் இவ்வரிசையிலேயே கற்றுக் கொடுங்கள். அல்லாஹ் யார் என்பது முதலில், தொழுகை அடுத்து, அடியார்களின் உரிமை அதனோடு. சுன்னத்துகளை அவர்கள் உங்களைப் பார்த்தே விரும்பிப் பின்பற்றுவார்கள், இன்ஷா அல்லாஹ்.

முதன்மையானதை முதன்மையாகக் கொள்ளும் நல்லறிவை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.