கிணற்றடியும் வகுப்பறையே!

யாழ்ப்பாணத்துத் தமிழரின் அழியாச் செல்வம் கல்வியே என்று நாம் பல்லாண்டுகளாகப் பெருமை பேசி வருகின்றோம். வற்றாத ஆறொன்றும் இல்லாத நாடு; துண்டு துண்டாகப் பிரிந்துபோன காணி; மாரியை நம்பிய வாழ்வு. இந்நிலையில் எம் முன்னோர் தம் பிள்ளைகளுக்குத் தேடிவைத்த முதுசொம் கல்வியே என்பதை எவரும் மறுக்க முடியாது. ஆயினும் அக்கல்வி இன்று எந்நிலையில் இருக்கின்றது? நீரின் இரசாயனக் குறியீட்டை நித்திரையிலும் ஒப்புவிக்கும் மாணவன், தன் வீட்டுக் கிணற்று நீர் குடிக்கத் தக்கதா என்று கேட்டால் விழிக்கின்றான். பரப்பளவுக் கணக்கில் நூற்றுக்கு நூறு பெற்ற மாணவி, தன் தகப்பனாரின் நான்கு பரப்புத் தோட்டத்தில் ஓராண்டுக்கு எவ்வளவு மழைநீர் விழுகின்றது என்று சொல்ல அறியாள். இது பிள்ளைகளின் குற்றமன்று. அவர்களிடம் எவரும் அவ்வினாவை வினவவில்லை.

2025ஆம் ஆண்டில் இலங்கை அரசாங்கம் அறிவித்த கல்விச் சீர்திருத்தம், பரீட்சைச் சுமையைக் குறைத்து, மாணவர் தாமே செய்து கற்கும் முறைக்கு இடமளிக்கப் போவதாகக் கூறுகின்றது. கொழும்பிலிருந்து வரும் சீர்திருத்தங்களை ஐயுறவுடன் நோக்குவது எமக்குப் பழகிப்போன ஒன்று; அதற்குத் தக்க காரணங்களும் உண்டு. ஆனால் அரசாங்கம் சொல்லிவிட்டது என்பதற்காக ஒரு நல்ல முறையைத் தள்ளிவிடுவது, வண்டிக்காரன்மீதுள்ள கோபத்தில் மாட்டைப் பட்டினி போடுவதை ஒக்கும்.

செயற்றிட்டக் கல்வி என்பது யாது? பாடத்தை முடித்துவிட்டு அதன் வாலாக ஒரு படத்தை ஒட்டிவரும்படி ஆசிரியர் சொல்வது அன்று. மெய்யான ஒரு வினாவை மாணவர் முன் வைத்து, அதற்கு விடை காணும் முயற்சியிலேயே பாடத்தைக் கற்கச் செய்வதாகும். வாரக்கணக்காக அவர்கள் அளப்பர், விசாரிப்பர், பிழைவிட்டுத் திருத்துவர். ஈற்றில் தாம் கண்டதை ஊரார் முன் வைத்து, கேட்கும் கேள்விகளுக்கு மறுமொழி சொல்வர். ஜோன் டூயி 1896இல் சிக்காகோவில் நிறுவிய பள்ளியில் சமையலும் தச்சுவேலையும் விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்கும் வாயில்களாயின. அவர் வழிவந்த வில்லியம் கில்பற்றிக் 1918இல் செயற்றிட்ட முறைக்கு விளக்கம் எழுதினார். 1937இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலை நடுவில் வைத்து ஏனைய பாடங்களை அதனோடு இணைத்தது.

இஃது எம் மண்ணுக்குப் புதியதும் அன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் வைத்தியசாலை நடத்திய சாமுவேல் கிறீன், தமிழ் இளைஞருக்கு மேலைத்தேய வைத்தியத்தை அங்கு வைத்தே பயிற்றினார். பின்னர் தமிழிலேயே கற்பித்து, நூல்களையும் தமிழாக்கினார். நோயாளியைத் தொடாமல் வைத்தியம் கற்க முடியாதென்றால், மண்ணையும் நீரையும் தொடாமல் விஞ்ஞானம் கற்பது எங்ஙனம்?

அவ்வாறாயின் எம் பெற்றோர் இம்முறையை ஏன் அஞ்சுகின்றனர்? அவ்வச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு.

1945இல் வந்த இலவசக் கல்வி கமக்காரரின் பிள்ளைகளுக்கும் உயர்கல்வியின் கதவைத் திறந்தது. அக்கதவின் திறவுகோல் பரீட்சைப் புள்ளி. 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் புகுத்தப்பட்டபோது, ஒவ்வொரு புள்ளியும் எம் பிள்ளைகளுக்கு உயிர்நாடியாயிற்று. அதே காலத்தில், 1972இல், தொழில் முன்னிலைப் பாடங்கள் பாடசாலைகளுக்கு வந்தன. அந்தந்த ஊரின் தொழில்களை அடியாகக் கொண்டு கற்பித்தல் என்ற நோக்கம் நன்றே. ஆனால் ஒரு கையால் பல்கலைக்கழகக் கதவை ஒடுக்கிக்கொண்டு, மறு கையால் மண்வெட்டியை நீட்டினால் எந்தத் தகப்பன் அதனைக் கல்வி என்று நம்புவான்? க.பொ.த. சாதாரண தரத்துக்குப் பதிலாகக் கொண்டுவரப்பட்ட புதிய பரீட்சையும், 1977இல் ஆட்சி மாறியபின் கைவிடப்பட்டது.

தமிழகமும் இத்தகைய அனுபவத்தைக் கண்டது. 1953இல் சென்னை மாகாண முதலமைச்சர் இராஜாஜி, ஆரம்பப் பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டுமென்றார். குலக்கல்வித் திட்டம் என்று நாடெங்கும் எதிர்ப்பு மூண்டது. 1954இல் காமராசர் முதலமைச்சரான பின்னர் அது கைவிடப்பட்டது. மக்கள் எதிர்த்தது கைவேலையை அன்று. தொழிலாளியின் பிள்ளைக்கு உளி, உத்தியோகத்தரின் பிள்ளைக்குப் புத்தகம் என்று பிறப்பால் பிரிப்பதை எதிர்த்தனர். அவ்வெதிர்ப்பு முற்றிலும் நியாயமானது. ஆதலின் செயற்றிட்டக் கல்விக்கு நாம் விதிக்கும் முதல் நிபந்தனை இதுவே: ஒரே வினா, ஒரே வேலை, எல்லாப் பிள்ளைகளுக்கும். டாக்டரின் மகளும் கூலித் தொழிலாளியின் மகனும் ஒரே கயிற்றைப் பிடித்து ஒரே கிணற்றை அளக்க வேண்டும்.

1990களின் இறுதியில் வந்த சீர்திருத்தங்களின் பின், உயர்தர மாணவர் தனியாகவும் குழுவாகவும் செயற்றிட்டம் செய்யும் ஏற்பாடு உண்டாயிற்று. பாடசாலை மட்டக் கணிப்பீடும் வந்தது. அவை பல இடங்களில் எவ்வாறு முடிந்தன என்பதை வாசகர் அறிவர். தமையன் செய்ததைத் தம்பி படியெடுப்பான். தாய் இரவிரவாக எழுதுவாள். அச்செடுக்கும் கடையில் வண்ண அட்டை போடப்படும். ஆசிரியர் அட்டையைப் பார்த்துப் புள்ளியிடுவார். பிள்ளைக்கு வந்த அறிவோ சூனியம்! பல்கலைக்கழக அனுமதிக்கு அப்புள்ளி சேர்வதில்லை. ஆதலால் எவரும் கவலைப்பட்டதுமில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதற்கு இதனிலும் சிறந்த சான்று வேண்டுமா?

இக்கேட்டுக்கு மாற்று, விடை முன்னரே தெரியாத ஒரு வினாவைக் கொடுப்பதே. படியெடுக்க விடையில்லாதபோது பிள்ளை தானே தேடியாக வேண்டும். அத்தகைய வினா எம் ஒவ்வொருவரின் வளவிலும் கிடக்கின்றது. அதுதான் கிணறு.

குடாநாட்டின் உயிர், சுண்ணக்கற் பாறையில் தேங்கிநிற்கும் மழைநீர். கடல்நீரிலும் இலேசான அந்நன்னீர், அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய நாற்பது அடி நன்னீர் நிற்கும் என்பது பௌதிகக் கணக்கு. அதே கணக்குப்படி, மேலே ஓரடி குறைந்தால் கீழிருந்து நாற்பது அடி உவர் ஏற இடமுண்டு. துலா மிதித்து இறைத்த காலத்தில் கிணறு ஊறுவதற்கு ஓய்வு கிடைத்தது. பம்பு வந்தபின் அவ்வோய்வு இல்லை. வலிகாமத்துச் செம்பாட்டு மண்ணில் வெங்காயமும் புகையிலையும் மிளகாயும் செழிக்க நாம் இட்ட யூரியாவின் ஒரு பகுதி கிணற்றுக்கே திரும்புகின்றது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. 1980கள் முதல் நடந்த ஆய்வுகள், தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் இவ்வரையறை மீறப்பட்டதைக் காட்டியுள்ளன. கைக்குழந்தைகளுக்கு இது பெருங்கேடு.

சுன்னாகத்தை மறந்துவிட்டோமா? 2014, 2015ஆம் ஆண்டுகளில் அப்பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை பெரும் பிரச்சினையாயிற்று. நிபுணர் ஒன்று சொல்ல, வேறு நிபுணர் வேறொன்று சொன்னார். 2019இல் உயர் நீதிமன்றம் இழப்பீட்டுக்குத் தீர்ப்பளிக்கும்வரை மக்கள் தவித்தனர். அவ்வூர்ப் பாடசாலைகளில் பத்தாண்டுக் காலக் கிணற்றுக் குறிப்பேடுகள் இருந்திருப்பின், எது எப்போது மாறியது என்பதற்கு ஊரார் கையிலேயே ஓர் ஆதாரம் இருந்திருக்கும் அல்லவா?

ஒன்பதாம் தரத்தை எடுத்துக்கொள்வோம். ஊரிலுள்ள இருபது கிணறுகளைத் தெரிந்து இலக்கமிடுக. சொந்தக்காரரின் பெயர் வெளியே வர வேண்டியதில்லை. தை மாதத்தில் நிரம்பியிருக்கும் கிணறு ஆவணி, புரட்டாதியில் அடிக்கு இறங்கி, ஐப்பசி, கார்த்திகையில் மீண்டும் ஏறுகின்றது. பாடசாலை ஆண்டும் தையிலிருந்து மார்கழிவரை ஓடுகின்றது. இயற்கையே வகுத்துத் தந்த பாடத்திட்டம் அன்றோ இது! வாரந்தோறும் கல் கட்டிய கயிற்றை இறக்கி நீர்மட்டத்தை அளக்கலாம். நேர்ச்சுவருள்ள பேணியை முற்றத்தில் வைத்தால் அதுவே மழைமானி. ஒரு மில்லிமீற்றர் மழை ஒரு பரப்பில் ஏறக்குறைய 250 லீற்றர். ஆண்டு மழை 1,250 மில்லிமீற்றர் எனக் கொண்டால், நான்கு பரப்பில் விழுவது ஏறக்குறைய 12.5 இலட்சம் லீற்றர். இதனைத் தானே கணித்த பிள்ளைக்குப் பரப்பளவும் கனவளவும் மறக்குமா?

விஞ்ஞான ஆசிரியர் உவர்ப்பையும் நைத்திரேற்றையும் சோதிக்கக் கற்பிப்பார். மலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் உள்ள தூரத்தை அளந்தால் அது சுகாதாரப் பாடம். எத்தனை மணி நேரம் இறைத்தார்கள், எத்தனை அந்தர் பசளை இட்டார்கள் என்று கமக்காரரைக் கேட்டு எழுதினால் அது தமிழ்க் கட்டுரை. 1950களில் பொறியியலாளர் ஆறுமுகம் வகுத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்னும் திட்டம் ஏன் இன்றுவரை முழுமை பெறவில்லை என்று ஆராய்ந்தால் அது வரலாறும் குடியியலும். ஈற்றில் மார்கழியில் பெற்றோரையும் கமக்காரரையும் அழைத்துப் பிள்ளைகள் தம் முடிவுகளைச் சொல்லட்டும். ஊரார் முன் நின்று, “இப்படித்தான் அளந்தோம், இதுதான் கண்டோம்” என்று சொன்ன பிள்ளை எந்த நேர்முகப் பரீட்சைக்கும் அஞ்சாது.

இதற்குப் பரீட்சைக் காலத்தில் நேரம் ஏது என்று பெற்றோர் கேட்பர். கேள்வி நியாயமானது. பரீட்சையை ஒழிக்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. எல்லாப் பாடத்தையும் செயற்றிட்டத்தால் கற்பிக்க முடியுமென்றும் சொல்லவில்லை. வாய்பாடும் இலக்கணமும் பயிற்சியாலேயே வரும். ஆண்டுக்கு ஒரு செயற்றிட்டம், வாரத்துக்கு இரண்டு பாடவேளை. இவ்வளவே நாம் கேட்பது. டியூற்றரியில் மாலைதோறும் செலவாகும் நேரத்தோடு ஒப்பிட்டால் இது எம்மாத்திரம்? மேலும், ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலில் தொடங்கி உயர்தரம்வரை ஓடுகின்ற ஓட்டத்தில் பல்கலைக்கழகத்தை எட்டுவோர் சிலரே. எஞ்சிய பெரும்பாலோருக்குப் பாடசாலை எதைக் கொடுத்து அனுப்புகின்றது என்று எப்போதாவது சிந்தித்தோமா?

ஆதலின் சிலவற்றை நாம் வற்புறுத்துகின்றோம். மாகாணக் கல்வித் திணைக்களம் செயற்றிட்டத்துக்கு நேரசூசியில் இடமொதுக்க வேண்டும். வீட்டு வேலையாக்கினால் தாயே மீண்டும் எழுதுவாள். புள்ளி அட்டைக்கன்று, குறிப்பேட்டுக்கு. ஒவ்வொரு பிள்ளையையும் ஆசிரியர் ஐந்து நிமிடம் தனியே விசாரித்தால் யார் செய்தது என்பது தெரிந்துவிடும். கட்டில்லாத தோட்டக் கிணறுகளில் பெரியவர் துணையின்றிப் பிள்ளைகளை விடலாகாது. ஆசிரியருக்கு வேண்டிய கருவியும் பயிற்சியும் கொடாமல் சுற்றுநிருபத்தை மட்டும் அனுப்புவதாயின் 1972இன் கதையே மீளும்.

எமது கல்விமான்களுக்கும் ஒரு வேண்டுகோள். பொறியியலாளரே, வைத்தியரே, பல்கலைக்கழக விரிவுரையாளரே! உங்களைப் படிக்கவைத்த ஊர்ப் பாடசாலைக்கு மாதத்தில் ஒரு பிற்பகலைக் கொடுக்க உங்களால் இயலாதா? நீர்மாதிரியைச் சோதிக்க ஓர் ஆய்வுகூடத்தின் கதவைத் திறந்துவிட முடியாதா? கமக்காரப் பெருமக்களே! பிள்ளைகள் கயிற்றோடு வந்தால் படலையைத் திறந்துவிடுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விக்கு மெய்யான கணக்கைச் சொல்லுங்கள். அவர்கள் அளப்பது உங்கள் பேரப்பிள்ளைகள் குடிக்கப்போகும் நீரையே.

இறுதியாக ஒன்று. பொதுக் கிணற்றில் நீர் அள்ள ஒரு பகுதி மக்களைச் சாதியின் பெயரால் தடுத்த வரலாறு இக்குடாநாட்டுக்கு உண்டு. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாடசாலைகளில் சம ஆசனம் வந்தபோதும் அதனை எதிர்த்தோர் இருந்தனர். அவ்விழுக்கைக் கழுவ மேடைப் பேச்சுகள் பல ஆயின. எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக நின்று, எல்லாக் கிணறுகளையும் ஒரே கயிற்றால் அளந்து, எல்லார்க்கும் பொதுவான நீர் நிலத்தடியில் ஒன்றே என்று தாமே காணும் நாளில், நூறு மேடைகள் செய்யாத வேலையை ஒரு வகுப்பறை செய்துவிடும். எம் கிணறுகள் உவராகுமுன் அவ்வகுப்பறையைத் திறப்போமாக!